பிஜி அட்வான்ஸ், காலேஜ் ஃபீஸ், லேப்டாப் தவணை: பெங்களூரு மாணவர் கேள்வி-பதில்

கெங்கேரியில் ஒரு பிஜியில் (பேயிங் கெஸ்ட் விடுதியில்) ஒரு வருடம் இருந்தேன். அட்வான்ஸ் 15,000 ரூபாய். காலி செய்யும்போது மெயின்டனன்ஸ் என்று ஒரு மாத வாடகை 7,500, பெயின்டிங் 2,500, க்ளீனிங் 500 பிடித்துக்கொண்டு 4,500 மட்டும் கொடுத்தார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. விட்டுவிட வேண்டியதுதானா?
– இரண்டாம் ஆண்டு மாணவர்

விடாதீர்கள் தம்பி. வாடகையும் அட்வான்ஸும் எவ்வளவு என்று ஓனர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, நீங்கள் பணம் போட்ட யுபிஐ ரசீது, மாதாமாதம் வாடகை போன பேங்க் ஸ்டேட்மென்ட், எல்லாமே எழுத்துதான். இன்றைக்கே எல்லாவற்றையும் உங்கள் மெயிலுக்கு அனுப்பி வையுங்கள்.

பெங்களூருக்குப் படிக்க வரும் பிள்ளைகளிடம் நடக்கும் மிகப் பெரிய பிடுங்கல் இந்த அட்வான்ஸ்தான். ஒரு மாணவர் 10,000 ரூபாய்க்காகக் கோர்ட்டுக்குப் போக மாட்டார், பரீட்சை முடிந்ததும் ஊருக்குப் போய்விடுவார் என்று தெரிந்தே பிடிக்கிறார்கள். ஒரு வருடம் ஆள் இருந்த அறையில் சுவர் மங்குவது வழக்கமான தேய்மானம். அதற்கு வெள்ளையடிப்பது ஓனர் செலவு. நீங்கள் உடைத்த குழாய்க்கோ கிழித்த மெத்தைக்கோ பிடிக்கலாம். அதற்கும் பில் காட்ட வேண்டும். சேரும்போது சொல்லாத மெயின்டனன்ஸைக் காலி செய்யும் நாளில் கண்டுபிடிக்க முடியாது.

செய்ய வேண்டியது: எந்தத் தொகை எதற்கு, பில் எங்கே என்று கேட்டு, 15 நாள் கெடு வைத்து வாட்ஸ்அப்பிலும் பதிவுத் தபாலிலும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். சாப்பாடு, துப்புரவு, வைஃபை எல்லாம் சேர்த்துக் காசு வாங்கும் பிஜி ஒரு சேவை. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, ஆன்லைனிலேயே போடலாம். பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

இனி சேரப்போகிறவர்களுக்கு: அட்வான்ஸ் கொடுக்கும் முன், "காலி செய்யும்போது எவ்வளவு பிடிப்பீர்கள், எத்தனை நாள் நோட்டீஸ், கரன்ட் யூனிட்டுக்கு எவ்வளவு, செமஸ்டர் லீவில் ஊருக்குப் போனால் சாப்பாட்டுக் காசு கழியுமா" என்று நான்கு கேள்வியையும் வாட்ஸ்அப்பில் கேளுங்கள். வாயால் பதில் சொன்னால், "நீங்கள் சொன்னது இதுதானே" என்று திருப்பி டைப் செய்து அனுப்புங்கள். அறைக்குள் நுழைந்த நாளிலேயே சுவர், கட்டில், மெத்தை, குழாய், ஸ்விட்ச், சப்-மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் ஒரே வீடியோவாக எடுங்கள். கரன்ட் பங்கு அதிகமாகத் தெரிந்தால் பெஸ்காம் (பெங்களூரு மின் நிறுவனம்) பில்லைக் காட்டச் சொல்லுங்கள். 2,000 வாட் கீசர் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 1,500 வாட் இண்டக்‌ஷன் அடுப்புக்கு 40 நிமிடம். இதை வைத்து நீங்களே கணக்குப் பார்க்கலாம்.

பிஜி வாடகை 9,000. அதன் மேல் 12 சதவீதம் ஜிஎஸ்டி கேட்கிறார்கள்.
– மாணவி, எலெக்ட்ரானிக் சிட்டி

கொடுக்காதீர்கள். ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குள், தொடர்ந்து 90 நாளாவது தங்கினால், 2024 ஜூலை 15 முதல் விலக்கு உண்டு.

மகனுக்கு இங்கே ஒரு தனியார் இன்ஜினியரிங் கல்லூரியில் 1,10,000 கட்டி சீட் போட்டோம். வகுப்பு தொடங்கும் முன்பே தமிழ்நாட்டுக் கவுன்சிலிங்கில் இடம் கிடைத்துவிட்டது. பணம் திரும்ப வராது என்கிறார்கள். ஒரிஜினல் மார்க் ஷீட்டும் அவர்களிடம் இருக்கிறது.
– ஒரு தாய், அல்சூர்

அம்மா, இரண்டுமே விதிக்கு விரோதம். தொழில்நுட்பக் கல்லூரிக்கு ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில்) விதி: வகுப்பு தொடங்கும் முன் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். ஒரிஜினலைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது.

கலை, அறிவியல் கல்லூரி என்றால் யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 அக்டோபர் அறிவிப்பு. சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கும் மேலோ இருக்கும்போது விலகினால் முழுத் தொகை, அதில் 5 சதவீதம், அதுவும் 5,000-க்கு மிகாமல் பிடிக்கலாம். 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். தேதி முடிந்து 15 நாள் வரை 80, அடுத்த 15 நாள் வரை 50, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. காஷன் டெபாசிட் (திருப்பித் தர வேண்டிய பிணைத் தொகை) மட்டும் எப்போது விலகினாலும் முழுசாக வர வேண்டும். சில கல்வியாண்டுகளுக்கு யுஜிசி இதைவிடத் தாராளமான தேதியை அறிவிப்பதும் உண்டு: 2024-25-க்கு செப்டம்பர் 30 வரை முழுத் தொகையும், அக்டோபர் 31 வரை 1,000 ரூபாய் பிடித்தமும் என்று இருந்தது.

நேரில் அலைய வேண்டாம். விலகல் கடிதத்தை இன்றே மெயிலில் அனுப்புங்கள். சதவீதம் அந்தத் தேதியை வைத்துத்தான் கணக்காகும். ஆபீசில் வாய்மொழியாகச் சொன்னதற்குத் தேதி கிடையாது. பிறகு ஏஐசிடிஇ இணையதளத்தில் புகார். யுஜிசியின் கீழ் வரும் கல்லூரிக்கு இ-சமாதான் என்ற புகார் தளம் இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தை முதலில் நம்ப வேண்டாம்: கல்வி நிறுவனங்கள் அதன் வரம்பில் வராது, கோச்சிங் சென்டர்கள் வரும் என்று 2020-ல் தேசிய ஆணையம் சொல்லியிருக்கிறது.

நோ-காஸ்ட் இஎம்ஐ என்று 60,000 ரூபாய் லேப்டாப்பை கிரெடிட் கார்டில் 6 மாதத் தவணைக்கு வாங்கினேன். பில்லில் கூடுதலாக ஏதேதோ வருகிறது. இப்போது ஆர்க்கிடெக்சர் மென்பொருளும் திணறுகிறது.
– முதலாண்டு மாணவர், பன்னேர்கட்டா ரோடு

இரண்டையும் வாங்கும் முன் கேட்டிருக்க வேண்டும். நோ-காஸ்ட் தவணையிலும் பேங்க் வட்டி போடுகிறது; அந்த வட்டி அளவுக்குக் கடை விலையைக் குறைத்துக் காட்டுகிறது. வட்டி மீதான 18 சதவீத ஜிஎஸ்டியை யாரும் குறைப்பதில்லை. ஆண்டுக்கு 15 சதவீதம் என்று வைத்தால் உங்கள் ஆறு தவணையில் வட்டி சுமார் 2,540 ரூபாய், அதன் ஜிஎஸ்டி 457. பிராசசிங் கட்டணம் 199 என்றால் வரியோடு 235. ஆக ஏறக்குறைய 690 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகிறது. முழுப் பணம் கொடுத்தால் கிடைக்கும் கார்டு தள்ளுபடி போனால் அது தனி.

மென்பொருள் விஷயத்தில் எனக்குப் பொறுமை குறைவு. துறை சீனியரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் கிராஃபிக்ஸ் கார்டு வேண்டும் என்று சொல்லியிருப்பார். பாடத்திட்டம் கையில் வராமல் லேப்டாப் வாங்காதீர்கள். முதல் மாதம் காலேஜ் லேப் போதும். ரேம் கூட்ட ஸ்லாட் இருக்கிறதா என்றும் பாருங்கள். நான் முன்பு வாங்கிய ஒன்றில் 8 ஜிபியும் போர்டோடு சால்டர் செய்திருந்தது; கூட்ட வழியில்லாமல் பாதி விலைக்கு விற்றேன். உங்களுடையதில் ஸ்லாட் இருந்தால் 16 ஜிபி ஆக்குங்கள், ஓரளவு தேறும். இல்லாவிட்டால் பெரிய ரெண்டரிங்கை லேபில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிஎம்டிசி பஸ்ஸில் தோழிகள் இலவசமாகப் போகிறார்கள். என்னிடம் மட்டும் டிக்கெட் கேட்கிறார் கண்டக்டர்.
– சேலத்து மாணவி, யெலஹங்கா

அவர் கேட்பது சரிதான். பெண்களுக்கு இலவசப் பயணம் தரும் சக்தி திட்டம் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டைக்கு மட்டும். கர்நாடக அரசின் சேவா சிந்து தளத்தில் மாணவர் பாஸுக்கு விண்ணப்பியுங்கள். தினமும் மெட்ரோ என்றால் டோக்கன் வாங்காமல் ஸ்மார்ட் கார்டு வையுங்கள். 5 சதவீதம் குறையும்.

முதல் வாரமே கடைக்காரர் கொடுத்த லிஸ்ட்படி 5,200 ரூபாய்க்குப் புத்தகம் வாங்கிவிட்டோம். மகள் பாதியைத் திறக்கவே இல்லை.
– ஒரு தந்தை, ஸ்ரீராமபுரம்

கடைக்காரர் லிஸ்ட் கடைக்காரருக்காகப் போட்டது ஐயா. அடுத்த செமஸ்டரில் இரண்டு வாரம் பொறுங்கள். எதிலிருந்து பாடம் நடக்கிறது என்று தெரிந்த பிறகு முதலில் லைப்ரரி, அடுத்து அவென்யூ ரோடு பழைய புத்தகக் கடைகள். விடியு (விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) மாணவர் என்றால் அட்டையில் எந்த ஸ்கீம், அதாவது எந்த ஆண்டுப் பாடத்திட்டம் என்று பார்த்து வாங்குங்கள். பழைய ஸ்கீம் புத்தகத்தில் மாட்யூல் மாறியிருக்கும். திறக்காத புத்தகங்களை இப்போதே ஜூனியர்களுக்கு விற்றுவிடுங்கள்.

ஹாஸ்டல் கேன்டீனில் 20 ரூபாய் தண்ணீர் பாட்டிலை 30-க்கு விற்கிறார்கள்.

எம்ஆர்பிக்கு மேல் விற்பது குற்றம். லேபிளின் படம், 30 ரூபாய் போன யுபிஐ ரசீது இரண்டையும் வைத்து எடையளவுத் துறைக்குப் புகார் கொடுங்கள்.

இலவசம் என்று போட்ட ஆப் மாதாமாதம் 299 எடுக்கிறது. ஆப்பை அழித்த பிறகும் போகிறது.
– மாணவர், ஜெயநகர்

ஆப்பை அழித்தால் அனுமதி அழியாது. உங்கள் யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்த மேண்டேட்டை (தானாகப் பணம் எடுக்க நீங்கள் கொடுத்த அனுமதியை) ரத்து செய்யுங்கள். கார்டில் என்றால் பேங்க் தளத்தில் இ-மேண்டேட் பக்கம். ஒவ்வொரு தடவையும் பணம் எடுக்க 24 மணி நேரம் முன்பே தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த எஸ்எம்எஸ் வரவே இல்லையென்றால் பேங்கிடம் எழுத்தில் புகார் கொடுத்துப் போன பணத்தைக் கேளுங்கள்.