இரண்டு சிறுகோடும் ஓர் இடைவெளியும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

யூஸ்நெட் என்ற இணைய விவாத வலையின் செய்திக்குழுக்களை எஸ்எல்ஆர்என் என்ற படிப்பான் மென்பொருளில் படிக்கிறேன், விம் என்ற உரைத்திருத்தியில் எழுதுகிறேன். பதிவுக்குப் பதிவு ‘அன்புடன்’ போட்டுப் பெயரெழுதி, கீழே ஒரு பொன்மொழியும் ஒட்டுவது அலுத்துவிட்டது. எல்லாவற்றையும் பதிவின் அடியில் தானாக ஒட்டப்படும் கையொப்பக் கோப்பில் போட்டேன். பதில் எழுதுபவர்களின் பதிவிலெல்லாம் என் கையொப்பமும் மேற்கோளாகத் தொங்குகிறது, திட்டு எனக்கு. இன்னொரு கணினியிலிருந்து அனுப்பினால் கையொப்பம் இரண்டு தடவை விழுகிறது. பொன்மொழி ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக மாறட்டும் என்று பொன்மொழி எடுத்துத் தரும் ஃபார்ச்சூன் நிரலை, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் க்ரானில் ஏற்றினேன். கோப்பு காலியாகக் கிடக்கிறது. அதே கட்டளையைக் கையால் அடித்தால் ஒழுங்காக வருகிறது. எங்கே தப்பு?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

திட்டியவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. கையொப்பத்தை உடலிலிருந்து பிரிக்கும் வரி இரண்டு சிறுகோடு, பிறகு ஓர் இடைவெளி, உடனே வரி முடிவு. 2004இல் வந்த ஆர்எஃப்சி 3676 என்ற இணைய நெறிமுறை ஆவணம் இதை யூஸ்நெட் கையொப்ப வழக்கம் என்றே தனித் தலைப்பிட்டுச் சொல்கிறது. பதில் எழுதும்போது படிப்பான் மென்பொருள் அந்த வரியைத் தேடி, அதற்குக் கீழுள்ளதை வெட்டிவிடும். இடைவெளி போய்விட்டால் அதற்கு அது வெறும் கோடு. கையொப்பமும் கட்டுரையின் பகுதியாகிவிடும்.

உங்கள் இடைவெளியைத் தின்றது பெரும்பாலும் விம். சேமிக்கும்போது வரிக்கடைசி இடைவெளிகளைத் துடைக்கும் தானியங்கிக் கட்டளை ஒன்றை நிரல் எழுதுபவர்கள் அமைப்புக் கோப்பில் போட்டு வைத்திருப்பார்கள். நிரலுக்கு நல்லது, இங்கே வினை. உறுதிசெய்ய, வரைவை விம்மிலிருந்தே வேறு பெயரில் ஒரு நகல் சேமித்து, கேட் கட்டளையை பெரிய ஏ விருப்பத்தோடு (cat -A) அதன்மேல் ஓட்டுங்கள். வரி முடிகிற இடத்தில் டாலர் குறி காட்டும்.

-- $
--$

மேலே இருப்பது சரி, கீழே இருப்பது உங்களுடையதாக இருக்கும். கோட்டுக்கும் டாலருக்கும் நடுவே விசித்திரமான எழுத்துகள் தெரிந்தால் அது வேறு நோய்: இணையப் பக்கத்திலிருந்து ஒட்டிய உடையா இடைவெளி. கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும், மென்பொருளுக்கு வேறு.

துடைக்கும் கட்டளையை ஒட்டுமொத்தமாக எடுக்க வேண்டாம். எஸ்எல்ஆர்என் வரைவுக் கோப்புகளுக்குப் புள்ளியில் தொடங்கும் ஆர்ட்டிகிள், ஃபாலோஅப், லெட்டர் என்ற பெயர்களை வைக்கிறது. அந்தப் பெயர்களைக் கண்டால் விம் தானாகவே கோப்புவகையை ‘மெயில்’ என்று குறித்துக்கொள்ளும். கோப்புவகை மெயிலாக இருந்தால் துடைக்காதே என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும்.

இரட்டைக் கையொப்பத்துக்கு வருகிறேன். அந்த இன்னொரு கணினியில் எஸ்எல்ஆர்என் நேராகச் சேவையகத்துக்கு அனுப்பாமல் ஐநியூஸ் என்ற அனுப்பும் நிரல் வழியாக அனுப்பும்படி அமைத்திருக்கும். வரைவைத் திறக்கும்போதே எஸ்எல்ஆர்என் ஒரு கையொப்பம் வைக்கிறது. அனுப்பும் நேரத்தில் ஐநியூஸும் வீட்டு அடைவில் புள்ளி-சிக்னேச்சர் என்ற கோப்பைத் தேடி இன்னொன்றை ஒட்டுகிறது. ஐநியூஸுக்குப் பெரிய எஸ் விருப்பத்தைக் கொடுத்து ஒட்டாதே என்று சொல்லலாம். அதைவிடக் கோப்பின் பெயரையே மாற்றி, புதுப் பெயரை எஸ்எல்ஆர்என் அமைப்பில் மட்டும் எழுதிவிடுவது மேல். ஐநியூஸுக்கு எடுக்க ஒன்றும் இருக்காது. ஒட்டுகிற கை ஒன்றாக இருக்கட்டும், அதுவும் எழுதும்போதே ஒட்டுகிற கையாக. அனுப்பும் முன் என்ன போகிறது என்று கண்ணால் பார்க்கலாமே. தவிர, கையொப்பம் நான்கு வரியைத் தாண்டினால் ஐநியூஸ் பதிவையே அனுப்ப மறுக்கும். 1995இன் ஆர்எஃப்சி 1855 சொல்லும் அளவும் நான்கு வரிதான்.

காலிக் கோப்பில் இரண்டு தப்பு சேர்ந்திருக்கிறது. டெபியன் வகைக் கணினிகளில் ஃபார்ச்சூன் இருப்பது யூஎஸ்ஆர் அடைவுக்குள் கேம்ஸ் அடைவில். உங்கள் முனையத்தின் தேடுபாதையில் (நிரல்களைத் தேடும் அடைவுகளின் பட்டியலில்) அது உண்டு, க்ரானின் தேடுபாதையில் இல்லை. அதனால் கையால் அடித்தால் வருகிறது, க்ரானில் வருவதில்லை. முழுப் பாதையையும் எழுதுங்கள். இரண்டாவது, > குறியால் நேரே கையொப்பக் கோப்பில் எழுதுவது. கட்டளைகளை ஓட்டும் ஷெல் முதலில் கோப்பைக் காலியாக்கிவிட்டுத்தான் நிரலைத் தேடும்; நிரல் கிடைக்காவிட்டால் காலி காலியாகவே நிற்கும். தற்காலிகக் கோப்பில் எழுதி, && போட்டு, எழுதுவது பிழையின்றி முடிந்தால் மட்டும் எம்வி கட்டளையால் பெயர் மாறும்படி செய்யுங்கள். தற்காலிகக் கோப்பும் வீட்டு அடைவிலேயே இருக்கட்டும். டெம்ப் அடைவு வேறு கோப்பமைப்பில் இருந்தால் பெயர்மாற்றம் நகலெடுப்பாக மாறி, பாதி எழுதிய கோப்பைப் படிப்பான் எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

பொன்மொழி தமிழ் என்றால் ஒரு கணக்கு. ஃபார்ச்சூனின் சிறிய எஸ் விருப்பம் 160க்கு உட்பட்டவற்றைத்தான் எடுக்கும், ஆனால் அந்த 160 எழுத்து இல்லை, பைட். யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ‘ணி’ என்ற ஓர் எழுத்துக்கே 6. இரண்டடித் திருக்குறள்கூடப் பல நேரம் தேறாது. சிறிய என் (n) விருப்பத்தால் வரம்பை 450க்கு ஏற்றுங்கள். வரியை ஃபோல்ட் கட்டளையால் மடிக்காதீர்கள். பல பதிப்புகள் பைட்டை எண்ணி வெட்டி எழுத்தை நடுவில் உடைத்துவிடும். மூலக் கோப்பிலேயே கையால் மடித்து, ஃபார்ச்சூனுக்கு அட்டவணை தயாரிக்கும் எஸ்டிஆர்ஃபைலை மறுபடி ஓட்டிவிடுங்கள்.

‘அன்புடன்’ மட்டும் கையொப்பத்தில் இருக்கக் கூடாது. அது கடிதத்தின் கடைசிச் சொல், கோட்டுக்கு மேலே நிற்க வேண்டியது. தானாக விழவும் விடாதீர்கள். ஒருவர் தவறைச் சுட்டிக்காட்டிவிட்டு, கீழே இயந்திரம் போட்ட ‘அன்புடன்’ நின்றால் குத்தலாகத்தான் படும். விம்மில் ஒரு சுருக்கெழுத்து வைத்து, ‘அஅ’ என்று அடித்து இடைவெளி தட்டினால் அது ‘அன்புடன்’ ஆகும்படி செய்துகொள்ளுங்கள். வேண்டாத இடத்தில் அடிக்காமல் விட்டால் போயிற்று.

திருத்தியபின் மிஸ்க்.டெஸ்ட் என்ற சோதனைக் குழுவில் ஒன்று அனுப்பிப் பாருங்கள். தலைப்பில் ‘இக்னோர்’ என்று ஆங்கிலத்தில் சேர்க்கவும், இல்லையென்றால் தானியங்கிப் பதில்கள் அஞ்சல்பெட்டிக்கு வரக்கூடும்.