எட்டு மைக்கையும் தனித்தனியாகப் பதிய எந்தப் பெட்டி? – ஒலிப்பதிவுக் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அண்ணன். எங்கட ஊரில வடமோடிக் கூத்துப் பழகுறாங்க. மத்தளம், சல்லரி, கூத்துப் பழக்கிற அண்ணாவியார்ர குரல், பிற்பாட்டு, கூத்தர்ர பாட்டு எல்லாத்தையும் வெவ்வேறு ட்ராக்கில பதிஞ்சு வைக்க ஆசை. மைக்கக் கம்பியூட்டரோட இணைக்கிற, ரெண்டு மைக் குத்துற இன்டர்பேஸ் பெட்டி ஒண்டு என்னட்ட இருக்கு. அதே மாதிரி இன்னும் மூண்டு வாங்கிச் சேர்த்தா எட்டு வருமா? இல்லாட்டி பெஹ்ரிங்கர் ஏ.டி.ஏ.8200 போல, மைக் சத்தத்தப் பெருக்கிற பிரீஆம்ப் எட்டு உள்ள பெட்டிய வாங்கவா? காசு கொஞ்சம்தான்.
– வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: தம்பி, கூத்தை முழுசாகப் பதிய நினைத்ததற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். போனில் எடுத்த கூத்து வீடியோக்கள் எத்தனையோ கிடக்கின்றன. மத்தளம் எல்லாவற்றையும் விழுங்கி, பிற்பாட்டுக்காரர் வாய் அசைப்பது மட்டும் தெரியும். தனி ட்ராக் இருந்தால்தான் பிறகு அந்தக் குரலைத் தூக்கிக் காட்ட முடியும்.

நாலு சிறிய பெட்டிகளைச் சேர்க்கும் யோசனையை விட்டுவிடுங்கள். விண்டோஸில் பெட்டியைப் பதிவு மென்பொருளோடு இணைக்கும் ஆசியோ ட்ரைவர் பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு பெட்டியைத்தான் எடுக்கும். மெக் கணினியில் பலதை ஒன்றாகக் காட்டலாம். ஆனால் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும், ஒலியை அளக்கும் வேகத்தைத் தீர்மானிக்கும் அதனதன் கடிகாரம் ஓடுகிறது. இரண்டு கடிகாரங்களுக்கிடையே பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணித்தியாலத்தில் 72 மில்லிசெக்கன் விலகிவிடும். விடிய விடிய ஆடும் கூத்தில் அதன் கதி என்ன? மத்தளம் ஒரு பக்கம், சல்லரி ஒரு பக்கம் என்று தாளம் பிரிந்து நிற்கும்.

ஏ.டி.ஏ.8200 நல்ல பெட்டி. எட்டு மைக் பிரீஆம்பும் மைடாஸ் வடிவமைப்பு. அனலொக்கை டிஜிட்டலாக்கும் கன்வேர்ட்டரும் உள்ளேயே உண்டு. ஆனால் அதில் யூ.எஸ்.பி. இல்லை. எட்டு சனலையும் ஏடாட் என்னும் ஒளி வயர் வழியாகத்தான் வெளியே தரும். அதை வாங்கிக்கொள்ள ஏடாட் உள்ளீடு உள்ள இன்டர்பேஸ் ஒன்று வேண்டும். இரண்டு மைக் இன்டர்பேஸ்களில் அது அநேகமாக இருக்காது. உங்கள் பெட்டியின் பின்புறத்தைப் பாருங்கள்: ஒப்டிக்கல் துளை இல்லையென்றால் 8200ஐ வாங்கியும் பயனில்லை.

அதனால் என் தெரிவு பெஹ்ரிங்கர் யூ.எம்.சி.1820. எட்டு மைக் பிரீஆம்ப், நேரே யூ.எஸ்.பி., ஏடாட் உள்ளீடும் வெளியீடும் உண்டு. இன்றைக்கு எட்டு சனல். நாளைக்குக் கூட்டம் பெருத்தால் அப்போது 8200ஐ வாங்கிச் செருகினால் பதினாறு. கையில் கூடுதல் காசு இருந்தால் போக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ20 வாங்கலாம், அதுவும் எட்டு பிரீஆம்ப், ஏடாட் என்று இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் அந்த விலை வித்தியாசத்தை நான் மைக்குக்கும் ஸ்டாண்டுக்கும் கொடுப்பேன். பழைய சாமான் விற்பவர்களிடம் பயர்வயர் பெட்டிகள் மலிவாக வரும். பார்க்க ஆசையாக இருக்கும். இப்போதைய லெப்டொப்பில் அந்தத் துளையே இல்லை, தொடாதீர்கள்.

பின்னாளில் இரண்டு பெட்டியையும் சேர்க்கும்போது ஒன்றுதான் தலைவன். 8200இன் பின்னால் உள்ள சுவிட்ச்சை 48 கிலோஹேட்ஸில் (செக்கனுக்கு 48,000 தடவை ஒலியை அளக்கும் வேகம்) வைத்து, கணினியில் 1820இன் கடிகாரத்தை ஏடாட் என்று மாற்றினால் ஒரே ஒரு ஒளி வயர் போதும். இதை மறந்தால் பதிவில் 'டிக் டிக்' என்று வெடிப்பு வரும். பெட்டி பழுது என்று திருப்பிக் கொடுக்கப் போய்விடாதீர்கள்.

எட்டு மைக்கை எங்கே வைப்பது? இதில்தான் உங்கள் நேரம் போக வேண்டும். மத்தளத்தின் இரு தலைக்கும் ஒவ்வொன்று, சல்லரிக்கு ஒன்று, அண்ணாவியாரின் குரலுக்கு ஒன்று, பிற்பாட்டுக்கு இரண்டு, கூத்தருக்கு முன்னால் இரண்டு. சதங்கை அந்தக் கடைசி இரண்டிலேயே விழும். மத்தளத்தின் ஒரு தலை உள்ளே போகும்போது மற்றது வெளியே தள்ளப்படும். ஆகவே இரண்டு ட்ராக்கையும் சேர்த்துக் கேட்கும்போது அடி மெலிந்து கேட்டால், ஒன்றின் பொலாரிட்டியை, அதாவது ஒலி அலையின் மேல் கீழை, மென்பொருளில் திருப்பிப் போட்டு ஒப்பிடுங்கள். அடித்தொனி கனமாக வரும் பக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் அண்ணாவியாரிடம்தான். மத்தளத்தை அடித்துக்கொண்டே பாடுகிறார். அவருடைய குரல் மைக்கில் மத்தளம் நிறைந்துவிடும். கார்டியொய்ட் மைக்குக்கு முதுகுப் பக்கம் காது மந்தம். அதை நெஞ்சு உயரத்தில் வைத்து, வாயை நோக்கி மேலே நிமிர்த்துங்கள். முதுகு மத்தளத்தைப் பார்க்கும். முகத்துக்கு நேரே ஸ்டாண்ட் நிற்காததால் அவருக்கும் இடைஞ்சல் இல்லை.

24 பிட், 48 கிலோஹேட்ஸில் பதியுங்கள். உச்ச அடி மீட்டரில் மைனஸ் 10 அல்லது 12 டெசிபலைத் தாண்ட வேண்டாம். எட்டு ட்ராக்கும் சேர்ந்து மணித்தியாலத்துக்குச் சுமார் 4.1 கிகாபைட் பிடிக்கும். எட்டு மணித்தியாலக் கூத்துக்கு 33 கிகாபைட் ஒதுக்கி வையுங்கள்.

கேள்வி: சேர், நானும் மச்சிமார் மூண்டு பேரும் வீட்டில கஸீதா பாடிப் பதியிறம். எங்கட இன்டர்பேஸ் மலிவானது, தனியா நல்ல கன்வேர்ட்டர் வாங்கி 192 கிலோஹேட்ஸில பதிஞ்சாத்தான் கடையில விக்கிற பாட்டுத் தரம் வரும் எண்டு ஒராள் சொல்றார். உண்மையா?
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: இல்லை தங்கச்சி. அந்தக் காசைச் செலவழிக்காதீர்கள்.

48 கிலோஹேட்ஸில் பதிந்தால் 24 கிலோஹேட்ஸ் வரைக்கும் உள்ள ஒலி பதிவாகும். மனிதக் காது 20க்கு மேல் கேட்காது. வயது ஏற ஏற அதுவும் குறையும். மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே 16 பிட் பிடிக்கும் எல்லை 96 டெசிபல், 24 பிட்டின் கணக்கு எல்லை 144. எந்தக் கன்வேர்ட்டரும் அந்த 144ஐத் தொடுவதில்லை. ஆனால் இன்றைய மலிவுப் பெட்டிகளே 100ஐத் தாண்டுகின்றன. உங்கள் அறை எவ்வளவு? மின்விசிறி ஓடும் அறையில் ஏறக்குறைய 40 டெசிபல் இரைச்சல் இருக்கும். நல்ல கண்டென்சர் மைக்கின் சொந்த இரைச்சல் 20க்கும் கீழே. மைக்குக்கும் கன்வேர்ட்டருக்கும் முன்னமே விசிறி வந்து உட்கார்ந்திருக்கிறது. கல்லடியில் என்னுடைய அறை கடற்கரைக்குக் கிட்ட. ஜன்னலைச் சாத்தினாலும் அலை உள்ளே வரும். எந்தக் கன்வேர்ட்டரும் அதைத் தடுக்கவில்லை. தடித்த போர்வைகளைத் தொங்கவிட்டுக் கடலுக்கு முதுகு காட்டி மைக்கை வைத்ததுதான் பலன் தந்தது.

நம்பிக்கை வரவில்லையென்றால் நீங்களே சோதியுங்கள். நன்றாகப் பதிவான ஒரு பாட்டை இன்டர்பேஸின் வெளியீட்டிலிருந்து வயர் போட்டு அதன் லைன் உள்ளீட்டுக்கே கொடுத்துத் திரும்பப் பதியுங்கள். இரண்டையும் ஒரே சத்த அளவில் வைத்து, எது எது என்று சொல்லாமல் மச்சிமாரைக் கேட்கச் சொல்லுங்கள். அவர்களால் பிரித்துச் சொல்ல முடியாவிட்டால் கன்வேர்ட்டர் உங்கள் குறை அல்ல.

நாலு குரலையும் தனித்தனியாக வேண்டுமென்றால் பெஹ்ரிங்கர் யூ.எம்.சி.404 எச்.டி.யில் நாலு பிரீஆம்ப் உண்டு, போதும். ஒவ்வொரு மைக்கும் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தால், மைக்குக்கும் மைக்குக்கும் இடையே மூன்று சாணாவது விடுங்கள். அப்போதுதான் பக்கத்துக் குரல் கலந்து உங்கள் குரலைக் குடையாது. ரபான் மேளம் சேர்த்தால் அதைச் சுவரோரம் ஒதுக்காமல் அறையின் நடுப்பக்கமாக வையுங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில பெட்டிய எப்பிடிப் பாதுகாக்கிறது? லெப்டொப் சார்ஜர் குத்தினா ஹெட்போனில 'ம்ம்' எண்டு இரையுது, அதுக்கு என்ன செய்ய?
– வாசகர், கொக்கட்டிச்சோலை

பதில்: முதலில் இரைச்சல். சார்ஜரைக் கழற்றிப் பற்றரியில் பதிந்து பாருங்கள்; நின்றுவிட்டால் எர்த் சிக்கல்தான். லெப்டொப், இன்டர்பேஸ், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில், ஒரே சுவர்த் துளையில் குத்துங்கள். எர்த் முள்ளை முறித்துவிட்டுக் குத்தச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள், அது உயிர் ஆபத்து.

மழைக்கு, மைக்குகளை சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள். பெட்டியை நிலத்தில் வைக்காதீர்கள். நம் ஊரில் வெள்ளம் வாசல்படி கேட்டு ஏறுவதில்லை. வாரம் ஒருமுறை போட்டு ஒரு மணித்தியாலம் ஓட விட்டால் உள்ளே காயும். மின்சாரம் வந்து வந்து போகும் நாட்களில் ஒரு யூ.பி.எஸ். அவசியம். கடற்காற்றில் மைக் வயரின் முனைகள் பச்சை பிடிக்கும். ஐப்பசி மழை தொடங்குமுன் கொன்டக்ட் கிளீனர் அடித்து, ஒவ்வொரு சனலையும் ஹெட்போனில் கேட்டபடி கெயின் குமிழைத் திருப்பிப் பாருங்கள். கரகரத்தால் அந்த சனலை இப்போதே காட்டிச் சரிசெய்யுங்கள்.