முதல் முறை குவேக்கர் கூட்டத்துக்குப் போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

குவேக்கர்கள் என்பவர்கள் கிறிஸ்தவத்தில் வேர்விட்ட ஒரு சமயக் குழு, இங்கே பிரிட்டனில் ஒன்றாக மௌனமாக உட்கார்ந்திருப்பதுதான் இவர்கள் வழிபாடு. பர்மிங்காமில் பல வருடங்களாக இவர்கள் கூட்டத்துக்குப் போய்வருகிறேன். உறுப்பினர் இல்லை, அவர்கள் பாஷையில் 'அட்டெண்டர்'. கீழே சொல்வது பெரும்பாலும் பிரிட்டன் கூட்டங்களுக்குப் பொருந்தும்.

அக்கா, முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போகணுமா? உடுப்பு விஷயத்தில் ஏதாவது கட்டுப்பாடு உண்டா?

இரண்டும் இல்லை. ஜீன்ஸ் போதும். அந்தக் காலக் குவேக்கர்களின் சாம்பல் உடை, அகலத் தொப்பியெல்லாம் வழக்கொழிந்து எத்தனையோ காலமாயிற்று, 'குவேக்கர் ஓட்ஸ்' டப்பாப் படத்தில் மட்டும்தான் பாக்கி (அந்தக் கம்பெனிக்கும் இவர்களுக்கும் சம்பந்தமே கிடையாது, யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். கேட்பரி, ரௌண்ட்ரி, ஃப்ரை என்ற சாக்லேட் குடும்பங்கள்தான் நிஜக் குவேக்கர்கள்). வாசலில் ஒருவர் கைகொடுத்து வரவேற்பார், உள்ளே போய்க் காலியாக இருக்கும் நாற்காலியில் உட்கார வேண்டியதுதான்.

பாதிரியார் இல்லை, பாட்டு இல்லை என்கிறார்கள். அப்போ ஆரம்பித்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

முதல் ஆள் வந்து அமைதியாக உட்கார்ந்தாலே ஆரம்பித்தாயிற்று. 10.30 என்று போட்டிருந்தால் ஐந்து நிமிடம் முன்னாலேயே அறை அடங்கியிருக்கும், அதனால் கதவருகே நின்று பேசிக்கொண்டிருக்காதீர்கள். நடுவில் ஒரு மேசை, அதில் பூ, பைபிள், ஒன்றிரண்டு குவேக்கர் புத்தகங்கள், சுற்றிலும் நாற்காலிகள். மேடையும் சிலுவையும் இருக்காது. கடவுளை அறிய நடுவில் ஆள் தேவையில்லை என்று 1650களில் இந்த இயக்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனார், அதற்காகப் பலமுறை சிறைக்கும் போனார். அறை இப்படி இருப்பதற்குக் காரணம் அதுதான்.

ஒரு மணி நேரம் சும்மாவா? எனக்குத் தியானப் பழக்கமே இல்லை, மனசு எங்கெங்கோ ஓடுமே.

ஓடும், எனக்கு இன்னும் ஓடுகிறது. கேஸை அணைத்தேனா, மத்தியானத்துக்கு என்ன சமையல், எதிரில் இருப்பவர் ஏன் இரண்டு நிறத்தில் காலுறை போட்டிருக்கிறார் என்று முதல் பத்து நிமிடம் அப்படியே போகும். வயிறு சத்தம் போடும், யாராவது இருமுவார்கள், அதெல்லாம் சகஜம். இது மூச்சைக் கவனிக்கும் பயிற்சி இல்லை, சேர்ந்து காத்திருப்பது. தனியாக வீட்டில் உட்கார்ந்தால் பதினைந்து நிமிடத்தில் எழுந்துவிடும் எனக்கு இங்கே அப்படித் தோன்றுவதில்லை, சுற்றி இருபது பேர் அதே வேலையாக இருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கண்ணை மூடலாம், திறந்திருக்கலாம். குவேக்கர்களின் அறிவுரைகளும் கேள்விகளும் அடங்கிய சின்னச் சிவப்புப் புத்தகம் ஒன்று கிடைக்கும், 42 சிறு பகுதிகள், முடியாதபோது ஏதாவது ஒன்றை எடுத்துப் படியுங்கள். போனை மட்டும் அணைத்துவிடுங்கள்.

நடுவில் யாராவது எழுந்து பேசுவார்களாமே? நானும் பேசலாமா?

யாரும் பேசலாம், முதல் முறை வந்தவரும்தான். ஆனால் இது கலந்துரையாடல் இல்லை. ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் பதில் சொல்வதோ மறுத்துப் பேசுவதோ கூடாது, ஒருவர் உட்கார்ந்த பிறகு அந்தப் பேச்சு அடங்கக் கொஞ்ச நேரம் விட வேண்டும். வீட்டிலிருந்து தயாரித்துக்கொண்டும் போகக் கூடாது. தோன்றியது எனக்கு மட்டுமானதா, எல்லோருக்குமானதா, இப்போதே சொல்ல வேண்டியதா என்று கேட்டுப் பார்த்து, அப்புறமும் நெஞ்சு படபடத்தால் எழுந்திருங்கள். ஒருமுறை ஒருவர் எழுந்து, பேருந்து ஓட்டுநர் தனக்காகக் கதவைத் திறந்து காத்திருந்ததையும், அவசரத்தில் தான் நன்றி சொல்லாமல் போய் உட்கார்ந்துவிட்டதையும் சொன்னார். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். ரேடியோச் செய்தியை அலசித் தள்ளுகிறவரும் உண்டு, சகித்துக்கொள்ளத்தான் வேண்டும். சில ஞாயிறு ஒருவர்கூட வாய் திறக்க மாட்டார்கள், அதைக் குறையாக யாரும் நினைப்பதில்லை.

நான் முருக பக்தன். மதம் மாறச் சொல்வார்களா?

மாட்டார்கள். வேர் கிறிஸ்தவம்தான், ஆனால் ஒப்புக்கொள்ள வேண்டிய விசுவாசப் பிரமாணம் ஒன்றும் கிடையாது. எங்கள் கூட்டத்தில் புத்தரைப் படிக்கிறவர் இருக்கிறார், கடவுளே இல்லை என்கிறவரும் இருக்கிறார். நம் ஊருக்கும் இவர்கள் புதிதல்ல, 1928இல் சென்னை பெண்டிங்க் பள்ளிக்கு ஆசிரியையாக வந்து, பிறகு சேவாகிராமத்தில் காந்தியின் ஆதாரக் கல்விக்காக உழைத்த மார்ஜரி சைக்ஸ் ஒரு குவேக்கர்.

என் நண்பன் கென்யாவில் போன குவேக்கர் கூட்டத்தில் பாஸ்டர், பிரசங்கம், பாட்டு எல்லாம் இருந்ததாமே?

அவர் சொன்னதும் சரி. 1902இல் அமெரிக்கக் குவேக்கர்கள் கென்யாவில் உள்ள கைமோசிக்குப் போய் ஆரம்பித்தது அந்த வழி. இன்று உலகத்திலேயே அதிகக் குவேக்கர்கள் இருப்பது கென்யாவில்தான். அமெரிக்காவில் இரண்டு வகையும் உண்டு, விசாரித்துவிட்டுப் போங்கள்.

ஐந்து வயதுப் பையன் இருக்கிறான்.

பல இடங்களில் குழந்தைகளுக்குத் தனி அறை உண்டு, பத்துப் பதினைந்து நிமிடம் மட்டும் பெரியவர்களோடு உட்காருவார்கள். எல்லா ஊரிலும் இருக்காது, இதற்கு மட்டும் முன்னாலேயே ஒரு மெயில் போட்டுக் கேளுங்கள்.

எப்படி முடியும்? காணிக்கைத் தட்டு வருமா?

பொறுப்பிலுள்ள இரண்டு பேர் கைகுலுக்குவார்கள், உடனே எல்லோரும் பக்கத்தில் இருப்பவரோடு கைகுலுக்குவார்கள், முடிந்தது. தட்டு வராது, வாசலில் பெட்டி இருக்கலாம். அப்புறம் அறிவிப்புகள், புதிதாக வந்தவர்கள் பெயர் சொல்லலாம் என்பார்கள், பெயரோடு நிறுத்திக்கொண்டால் போதும். கிளம்ப நினைத்தால் கிளம்பலாம். ஆனால் டீக்கு இருங்கள், மனதில் இருக்கும் கேள்விகளை அங்கேதான் கேட்க முடியும். கோப்பை கழுவும் இடத்தில் நின்றால் இன்னும் நல்லது.