ஓவியமும் அட்டவணையும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரியில் எங்களுக்குக் கலை வரலாறு ஒரு தாள். ஐரோப்பிய ஓவியக் காலகட்டங்களை அட்டவணையாகப் போட்டு வைத்திருக்கிறேன். இடைக்காலக் கடைசியின் கோதிக் என்றால் தட்டையான உருவங்கள், தங்கப் பின்னணி. மறுமலர்ச்சி என்றால் பெர்ஸ்பெக்டிவ் (தட்டைப் பரப்பில் ஆழம் காட்டுவது), மனித உடல். பரோக் என்றால் இருட்டு, நாடகத்தன்மை. ரொக்கோகோ விளையாட்டு, நவசெவ்வியல் ஒழுங்கு, கற்பனாவாதம் உணர்ச்சி, இம்ப்ரெஷனிசம் ஒளி. ஆனால் புதிதாக ஒரு படத்தைக் காட்டினால் எந்தக் கட்டத்தில் போடுவதென்று தெரியவில்லை. இடைக்கால ஓவியர்களுக்கு நிஜமாகவே வரையத் தெரியாதா? பரோக் ஓவியங்கள் ஏன் அவ்வளவு இருட்டு? இதையெல்லாம் மனதில் நிறுத்த எளிய வழி உண்டா?

க.

அன்புள்ள க.,

அட்டவணை சரிதான். தேர்வில் அப்படியே எழுதுங்கள், மதிப்பெண் வரும். மனதில் நிறுத்துவதற்கு நான் தேவையில்லை, இரண்டு தடவை எழுதிப் பார்த்தால் நின்றுவிடும். நான் பதில் எழுத உட்கார்ந்தது, போகிறபோக்கில் நீங்கள் கேட்டிருக்கும் அந்த முதல் கேள்விக்காக. "வரையத் தெரியாதா?"

கொஞ்ச காலமாகவே மனதில் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம் இது. ஐரோப்பிய ஓவியம் பற்றி நம்மிடையே எழுதப்படுவதில் பெரும்பகுதி ஒரே கதைதான். முதலில் தெரியாமல் இருந்தார்கள், பிறகு கற்றுக்கொண்டார்கள், அப்புறம் சலித்துப்போய்க் கலைத்துவிட்டார்கள். ஓவியம் வரையும் ஒரு பலகை எப்படித் தயாரானது என்று அரைமணி நேரம் படித்த எவரும் இப்படி எழுதமாட்டார்கள். நீங்கள் இளையவர், அவர்களை நம்பியிருக்கிறீர்கள். அதில் உங்கள் குற்றம் ஏதுமில்லை. இதைப் படித்த பிறகும் நம்பினால் குற்றம் உங்களுடையது.

1400ஐ ஒட்டிச் சென்னினோ சென்னினி என்ற இத்தாலிய ஓவியர் தன் தொழிலைப் படிப்படியாக எழுதிவைத்திருக்கிறார். அவர் சொல்லும் வேலையைப் பாருங்கள். முதலில் பாப்லர் மரப்பலகை. முடிச்சுகளைத் தோண்டி, பசையும் மரத்தூளும் கலந்து அடைக்க வேண்டும். தோல் துண்டுகளைக் கொதிக்கவைத்து எடுத்த பசையைப் பூசி, பழைய லினன் துணிக் கீற்றுகளை அதில் நனைத்து ஒட்ட வேண்டும். மரம் ஈரத்துக்கு உப்பும், வறட்சிக்குச் சுருங்கும். மேலே வரப்போகும் பூச்சு அந்த இழுப்பில் பிளக்காமல் தாங்குவது இந்தத் துணிதான். அதன்மேல் பசை கலந்த ஜிப்சம் மாவு, முதலில் கரடானது, பிறகு மென்மையானது. மென்மையான மாவை ஒரு வாளித் தண்ணீரில் போட்டு ஒரு மாதம் தினமும் கிளற வேண்டும். அப்போதுதான் இறுகும் குணம் போய்ப் பட்டுப்போல ஆகும். அதைக் குறைந்தது 8 பூச்சு. மேல்பூச்சில் பசை கீழ்ப்பூச்சைவிடக் கெட்டியாக இருந்துவிட்டால் பிற்பாடு செதில் செதிலாக உரியும். காய்ந்ததும் தந்தம்போல ஆகும்வரை சுரண்ட வேண்டும்.

இன்னும் ஓவியம் தொடங்கவே இல்லை. கரியால் வரைந்து, மையால் உறுதிசெய்து, உருவமும் தங்கமும் சந்திக்கும் விளிம்பை ஊசியால் கீறுகிறார்கள். தங்கம் வரவேண்டிய இடத்தில் முட்டை வெள்ளைக்கருவில் குழைத்த செங்களிமண், 4 பூச்சு. அதன்மேல் தங்க ரேக்கு. தட்டான் ஒரு டுகட் பொற்காசிலிருந்து 145 ரேக்கு அடிப்பான், சமதளப் பரப்புக்கு 100 ரேக்கு மட்டும் அடித்ததை வாங்கு என்கிறார் சென்னினி. மெல்லியது மெருகு தாங்காது. ரேக்கு ஒட்டியபின் ஹேமடைட் கல்லாலோ நாய்ப் பல்லாலோ தேய்த்து மெருகேற்ற வேண்டும். களிமண்ணில் ஈரம் அதிகமிருந்தால் ரேக்கு கிழியும், முற்றக் காய்ந்துவிட்டால் பளபளப்பு ஏறாது. கோடைக்காலமானால் பலகையை நிலவறையில் வைக்கச் சொல்கிறார்.

இவ்வளவும் செய்தபின் கிடைப்பதை நீங்கள் "தங்கப் பின்னணி" என்று இரண்டு வார்த்தையில் எழுதிவிட்டீர்கள். நன்றாக மெருகேறிய தங்கம் தன் பளபளப்பாலேயே கிட்டத்தட்டக் கருப்பாகத் தெரியும் என்று சென்னினி எழுதுகிறார். அது கண்ணாடியாகிவிட்டது, எதிரே வெளிச்சம் இல்லையென்றால் இருட்டைத்தான் காட்டும். பீடத்தில் மெழுகுவத்தி ஏற்றினால் அந்த இருட்டு சட்டென்று எரியும், சுடர் ஆட ஆட அதுவும் நகரும். பார்ப்பவர் ஓரடி தள்ளி நின்றால் வேறு ஓவியம். ஸ்டூடியோ விளக்கில் நேராக எடுத்த புகைப்படத்தில் இதெல்லாம் அழிந்து மஞ்சள் காகிதம்போல ஆகிவிடுகிறது. அந்தப் புகைப்படத்தைக் கைபேசியில் பார்த்துவிட்டு "தட்டை" என்று எழுதுகிறோம்.

முகங்களுக்கு வருவோம். சாயத்தைக் குழைப்பது முட்டை மஞ்சள்கருவில். நகரத்துக் கோழி முட்டையின் மஞ்சள்கரு வெளிறியது, இளம் முகங்களுக்கு அது. கிராமத்துக் கோழியுடையது சிவந்தது, வயதானவர்களுக்கும் கருத்தவர்களுக்கும் அது. முதலில் முகம் முழுக்கப் பச்சை மண், அதன்மேல் மூன்று படிநிலையில் இளஞ்சிவப்பு. இந்தச் சாயம் சில நிமிடங்களில் காய்ந்துவிடும், ஒன்றோடொன்று இழுத்துக் குழைக்க முடியாது. அதனால் நுனித் தூரிகையால் நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள். இத்தாலியின் சியெனா நகரில் வரையப்பட்ட எந்த மாதாவின் கன்னத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள், அந்தக் கோடுகள் தெரியும். பல நூற்றாண்டு துடைப்பில் இளஞ்சிவப்பு தேய்ந்துபோய் அடியிலிருந்த பச்சை வெளியே வந்திருக்கிறது. "கோதிக் முகங்கள் பச்சை நிறம்" என்று குறிப்பெடுப்பவர்கள் தேய்மானத்தைக் காலகட்டத்தின் குணமாக எழுதுகிறார்கள்.

அவர்களுக்கு ஆழம் தெரியாது என்று இன்னமும் தோன்றினால் அம்ப்ரோஜியோ லொரென்செத்தி 1344இல் வரைந்த "மங்கள அறிவிப்பு" ஓவியத்தைப் பாருங்கள். சியெனாவில் இருக்கிறது. கீழே தரைக்கற்களின் கோடுகள் உள்நோக்கி ஓடி ஒரே புள்ளியில் குவிகின்றன. அந்தத் தரை முடிகிற இடத்தில் சுவர் இல்லை, வானம் இல்லை, முழுக்கத் தங்கம். ஆழத்தைக் கொண்டுவரத் தெரிந்தவர் அதை ஓரிடத்தில் நிறுத்தியிருக்கிறார். ஆழத்தை விதிப்படி வரைந்ததற்குப் பேர்போன மசாச்சோவின் "திரித்துவம்" சுவரில் வருவதற்கு ஏறத்தாழ 80 வருடம் முன்பு.

ஃப்ளாரன்ஸில் 1423இல் ஜென்டிலே த ஃபப்ரியானோ ஒரு செல்வந்தருக்காக "மூன்று ஞானிகளின் வணக்கம்" வரைந்து முடிக்கிறார். தங்கம், புடைப்பு வேலை, உடையெல்லாம் பூவேலை. இரண்டொரு வருடத்தில் அதே ஊரில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிரான்காச்சி தேவாலயச் சுவரில் மசாச்சோ வேலை செய்கிறார். அங்கே உருவங்கள் கனத்து நிற்கின்றன, அவற்றின் நிழல் தரையில் விழுகிறது. உங்கள் அட்டவணையில் இவர்கள் இருவரும் வெவ்வேறு கட்டம். அந்த ஊர்க்காரர் ஒருவர் ஒரே காலையில் இரண்டையும் பார்த்துவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போயிருக்கலாம்.

மாறியது திறமை அல்ல, பணம் எதற்குக் கொடுக்கப்படுகிறது என்பது. 1435இல் ஓவியம் பற்றிய தன் நூலில் ஆல்பெர்த்தி என்ற இத்தாலிய அறிஞர் எழுதுகிறார்: தங்கத்தைத் தங்கத்தால் காட்டாதே, வண்ணத்தால் காட்டு, அதுதான் கைத்திறன். 1434இல் யான் வான் எய்க் வரைந்த அர்னொல்ஃபினி தம்பதி ஓவியத்தில் தொங்குகிற பித்தளைச் சரவிளக்கு முழுக்க வண்ணம்தான். அவர் வண்ணத்தைக் குழைத்த ஆளிவிதை எண்ணெய் நாள்கணக்கில் காயும் என்பதால் அவரால் ஒரு நிறத்தை இன்னொன்றில் கரைக்க முடிந்தது. அடியிலுள்ள வெள்ளைச் சுண்ணப் பூச்சிலிருந்து ஒளி திரும்பி வரும்படி மெல்லிய அடுக்குகளாகப் பூச முடிந்தது. ஆனால் பழைய மனம் உடனே போய்விடவில்லை. 1485இல் ஃப்ளாரன்ஸ் ஓவியர் கிர்லாந்தையோவோடு போட்ட ஒப்பந்தத்தில், நீலம் அவுன்ஸுக்கு 4 ஃப்ளோரின் பொற்காசு மதிப்புள்ள அல்ட்ராமரைனாக இருக்க வேண்டும் என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷானிலிருந்து வந்த கல்லை அரைத்த நீலம் அது. மறுமலர்ச்சியின் உச்சத்திலும் சரக்கின் விலைதான் முதல் பேச்சு.

பரோக் இருட்டு பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாதி இருட்டு ஓவியருடையது, மீதி காலத்துடையது. காரவாஜ்ஜோவும் அவருக்குப் பின்வந்தவர்களும் கான்வாஸில் வெள்ளைக்குப் பதில் பழுப்பு அடிப்பூச்சு போட்டார்கள். நிழல்வரும் இடத்தில் அந்தப் பழுப்பையே விட்டுவிட்டால் வேலை பாதி மிச்சம். ஆனால் எண்ணெய் வண்ணம் வயதாக ஆகக் கண்ணாடித்தன்மை அடையும், அடியிலுள்ள பழுப்பு மேலே ஏறிவரும், நடுத்தர நிறங்களை விழுங்கும். மேலே வார்னிஷும் கருத்தால் கேட்கவே வேண்டாம். ரெம்ப்ரான்ட்டின் 1642ஆம் வருடத்து ஓவியத்தை "இரவுக் காவல்" என்கிறோம், அதில் இருப்பது பகல்.

ரொக்கோகோவும் நவசெவ்வியலும் உங்கள் பாடநூலில் இருக்கிற அளவே போதும். நவசெவ்வியல் முடிந்து கற்பனாவாதம் வந்தது என்று மட்டும் எழுதாதீர்கள். 1824 பாரிஸ் சலோன் கண்காட்சியில் நவசெவ்வியல்காரர் ஆங்கர் வரைந்த "பதின்மூன்றாம் லூயியின் சபதம்", கற்பனாவாதி தெலக்ருவா வரைந்த "கியோஸ் படுகொலை" இரண்டுமே இருந்தன.

இம்ப்ரெஷனிசத்துக்கு "ஒளி" என்று எழுதியிருக்கிறீர்கள். வான் எய்க்கிடம் இல்லாத ஒளியா? அங்கே எழுத வேண்டியது வெள்ளீயக் குழாய். 1841இல் ஜான் காஃப் ராண்ட் அதற்குக் காப்புரிமை வாங்கும்வரை குழைத்த வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்தார்கள். ஆணியால் குத்திப் பிதுக்க வேண்டும், மறுபடி சரியாக மூடமுடியாது. திருகுமூடி வந்தபின் வண்ணப்பெட்டியோடு ரயிலேறிக் கடற்கரைக்குப் போவது எளிதாயிற்று. 1870இல் மோனே ட்ரூவில் கடற்கரையில் வரைந்த சிறிய கான்வாஸ் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. அதன் வண்ணப்பூச்சுக்குள் மணல்துகள்கள் ஒட்டியிருக்கின்றன.

அட்டவணையை எறியச் சொல்லவில்லை. ஒவ்வொரு வரிசையிலும் மூன்று கேள்வியைச் சேருங்கள்: எதன்மேல் வரைந்தது, எதில் குழைத்தது, பணம் கொடுத்தவர் எதற்குக் கொடுத்தார். புதிய படம் வந்தால் முதலில் விளிம்பையும் வெடிப்புகளையும் பெரிதாக்கிப் பாருங்கள், முகத்துக்கு அப்புறம் வரலாம். பிரஷ்யன் நீலம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் உண்டானது. அந்த நீலம் ஓவியர் கைபட்ட பூச்சிலேயே இருந்தால் அது 1600களின் ஓவியமாக இருக்க வழியில்லை, பாணி என்ன சொன்னாலும் சரி.

கடைசியாக ஒரு வேலை. இம்ப்ரெஷனிச ஓவியர் ரெனுவாரின் "குடைகள்" ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கத்துக் குழந்தைகள் 1881ஐ ஒட்டி, இறகுபோன்ற தூரிகையில் வரைந்தவை. இடப்பக்கத்துக் கூடைக்காரப் பெண்ணை அவர் சில வருடம் கழித்துத் திரும்பி வந்து, கெட்டியான விளிம்புகளோடு மறுபடி வரைந்திருக்கிறார். முதல்கட்டத்தில் கோபால்ட் நீலம், இரண்டாவதில் செயற்கை அல்ட்ராமரைன். இந்த ஒரே ஓவியம் உங்கள் அட்டவணையில் எந்தக் கட்டத்தில் வரும், ஏன் என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்புங்கள். படிக்கிறேன்.