மாமனாரின் சிகரெட்டை யார் நிறுத்துவது?

கேள்வி: கலிபோர்னியாவில் ஃபுல்லர்டன் பக்கம் வசிக்கிறோம். என் கணவர் கொரியர். மாமனாருக்கு 64 வயது, டிரை கிளீனிங் கடை நடத்துகிறார். கொரிய ராணுவத்தில் இருந்தபோது பிடித்த பழக்கம், இன்றும் நாளைக்கு 15 சிகரெட். ஒவ்வொரு கொரியப் புத்தாண்டுக்கும் "இன்றோடு சரி" என்பார், ஒரு வாரம் தாங்காது. மாமியார் தினமும் திட்டுகிறார். டாக்டரிடம் ஆங்கிலத்தில் மனம்விட்டுப் பேச மாமனாருக்கு வராது. நான் எப்படி எடுத்துச் சொல்வது?

பதில்: நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டாம். மருமகள் மாமனாரிடம் இந்தப் பேச்சை எடுப்பது நம் வீடுகளிலேயே எவ்வளவு சங்கடம் என்று உங்களுக்குத் தெரியும். கொரியக் குடும்பங்களில் வயதுக்குத் தரும் மரியாதை இன்னும் கறாரானது. பெரியவர் எதிரில் இளையவர் சிகரெட் பற்றவைக்கவே மாட்டார். நீங்கள் நல்லதுக்குச் சொன்னாலும் அவர் காதில் அது அவமானமாக விழும், அடுத்த சிகரெட்டைக் கடைக்குப் பின்னால் போய்ப் பிடிப்பார்.

அவர் தலைமுறையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ராணுவத்தில் சிகரெட்டை ரேஷன் போலக் கொடுத்தார்கள். சிப்பாய்களுக்கான வரியில்லா சிகரெட் 2009இல்தான் நின்றது. 1990களின் இறுதியில்கூடக் கொரிய ஆண்களில் மூவரில் இருவர் புகைத்தார்கள். சிகரெட் அவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பின், வேலைக்கு நடுவில், சோஜு என்ற கொரிய மதுவோடு எப்போதும் கூட இருந்தது. அதனால் "விடுவது" என்றால் ஒரே நாளில், மருந்தில்லாமல், மன உறுதியால் விடுவதுதான் என்று நம்புகிறார்கள். மருந்து எடுத்தால் அது பலவீனம். உங்கள் மாமனார் வருஷா வருஷம் தோற்பதற்கு இந்த நம்பிக்கைதான் பெரிய காரணம் என்பேன். 40 வருஷம் நிகோட்டினுக்குப் பழகிய மூளை முதல் வாரத்தில் படுத்தும் பாட்டை வைராக்கியத்தால் மட்டும் சமாளிப்பவர்கள் மிகச் சிலர்.

சரி, யார் பேசுவது? கொரிய மொழியில் பேசும், குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒருவர். உங்கள் மாநிலத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. கிக் இட் கலிபோர்னியா என்ற இலவசச் சேவையில் கொரியர்களே கொரிய மொழியில் ஆலோசனை தருகிறார்கள், எண் 1-800-556-5564. நடத்துவது சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம். மொழிபெயர்ப்பாளரை நடுவில் வைத்துப் பேசுவதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. "சர்ச் சபைக்குத் தெரியாமல் பிடிக்கிறேன்", "சம்பந்தி சிகரெட் நீட்டினால் எப்படி மறுப்பது" என்று அவர் சொன்னால் எதிர்முனையில் இருப்பவருக்கு விளக்கவுரை தேவைப்படாது.

இதற்குப் பலன் உண்டா என்று உங்கள் கணவர் கேட்கக்கூடும். இதே பல்கலைக்கழகத்தார் சீன, கொரிய, வியட்நாமிய மொழி பேசும் 2,277 பேரிடம் நடத்திய ஆய்வு 2012இல் வெளியானது. அதில் தொலைபேசி ஆலோசனை பெற்றவர்களில் சுமார் 16 சதவீதம் பேர் ஆறு மாதம் புகைக்காமல் இருந்தார்கள். துண்டுப் பிரசுரம் மட்டும் பெற்றவர்களில் அது 8 சதவீதம். 16 என்பது குறைவாகத் தெரியலாம். ஆனால் இந்தப் பழக்கத்தில் வாய்ப்பு இரட்டிப்பாவது சின்ன விஷயமில்லை.

அவர் தானாக அழைக்க மாட்டார் என்றால் முதலில் உங்கள் கணவர் அழைக்கட்டும். குடும்பத்தார் விசாரிப்பது அங்கே வழக்கம்தான். பிறகு அப்பாவிடம், "உங்களுக்கு வசதியான நேரத்தில் அவர்கள் கூப்பிடுவார்கள்" என்று மட்டும் சொன்னால் போதும். கடை மூடிய பிறகு, காரில் தனியாக இருக்கும்போது பேசுவது பலருக்கு எளிது.

அடுத்தது மருந்து. நாளைக்குப் பத்துக்கு மேல் பிடிப்பவருக்கு வழக்கமாகத் தோலில் ஒட்டும் 21 மில்லிகிராம் நிகோட்டின் பேட்ச் ஆறு வாரம், பின்பு 14 இரண்டு வாரம், 7 இரண்டு வாரம். காலையில் முடியில்லாத இடத்தில் ஒட்ட வேண்டும், தினம் இடம் மாற்ற வேண்டும். கெட்ட கனவு வந்தால் படுக்கும் முன் கழற்றிவிடலாம். திடீர் ஏக்கத்துக்குக் கூடவே நிகோட்டின் சூயிங்கம். எழுந்து அரை மணிக்குள் முதல் சிகரெட் பிடிப்பவர் என்றால் 4 மில்லிகிராம் வகை. இதைச் சாதாரண கம் போல விடாமல் மென்றால் விக்கலும் குமட்டலும்தான் மிச்சம். நாக்கில் சுருக்கென்றதும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். மெல்லும் முன் கால் மணி நேரம் காபி கூடாது.

காபி என்றதும் ஒன்று. சாப்பிட்டதும் ஒரு கப் மிக்ஸ் காபி, கூடவே சிகரெட் என்பது கொரியக் கடைக்காரர்கள் பலரின் வழக்கம். சிகரெட் புகை கல்லீரலைத் தூண்டி கஃபீனை வேகமாக வெளியேற்றும். புகையை நிறுத்தினால் அதே அளவு காபி உடம்பில் அதிக நேரம் தங்கும். படபடப்பும் தூக்கமின்மையும் வரும், "சிகரெட்டை விட்டதால்தான் இப்படி" என்று அவர் நினைத்துக்கொள்வார். எனவே காபியைப் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள். குறைத்த பாதிக்குப் பார்லி டீ நல்ல மாற்று.

சிகரெட் ஏக்கத்தைக் குறைக்கும் வேரெனிக்ளின் மாத்திரையும் நன்றாக வேலை செய்யும். ஆனால் அதை எடுக்கும்போது மது வழக்கத்தைவிட அதிகமாக ஏறக்கூடும், எனவே சோஜு குடிப்பவர் அதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது. குடித்ததும் முகம் சிவக்கும் உடம்பு என்றால் இன்னும் கவனம். குடியும் புகையும் சேரும்போது அப்படிப்பட்டவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் அபாயம் நன்றாகவே ஏறுகிறது. இதயக் கோளாறோ வேறு மருந்துகளோ இருந்தால் பேட்சுக்கும் டாக்டரைக் கேட்டுவிடுங்கள். கேட்பதில் இன்னொரு லாபமும் உண்டு: கடையில் வாங்கும் பேட்சுக்கே டாக்டர் சீட்டு எழுதினால் பெரும்பாலான காப்பீடுகளில் செலவில்லை.

காதில் குத்தும் ஊசி சிகிச்சையை யாராவது பரிந்துரைப்பார்கள். கெடுதல் இல்லை, மனதுக்குத் தெம்பு என்றால் போகட்டும். ஆனால் அது உறுதியாகப் பலன் தருவதாக ஆதாரம் இல்லை, பேட்சுக்குப் பதிலாக வேண்டாம். எஸ்ஸே போன்ற ஒல்லி சிகரெட்டுக்கோ சூடாக்கிப் புகைக்கும் கருவிக்கோ மாறுவதையும் விட்டதாகக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இனி உங்கள் மாமியார். திட்டுவதை நிறுத்துவதைவிட முக்கியமாக ஒன்றை அவர் தவிர்க்க வேண்டும்: இதைச் சபையின் பிரார்த்தனைக் குழுவில் சொல்வது. கொரியப் புராட்டஸ்டண்ட் சபைகள் பலவற்றில் சிகரெட் மானப் பிரச்சினை. விஷயம் வெளியே போனால் மாமனார் விட முயல மாட்டார், ஒளிக்கத்தான் முயல்வார். கொரியாவிலிருந்து வரும் உறவினர்களிடம் டியூட்டி ஃப்ரீ சிகரெட் வேண்டாம் என்று சொல்வதும் மாமியாரின் வேலையாக இருக்கட்டும், அதில் அவர் எவ்வளவு கறாராக இருந்தாலும் சரி.

உங்கள் பங்கு? பேரக்குழந்தை இருந்தால் அதைத் தாத்தாவோடு அதிகம் விடுங்கள், காரணம் சொல்லாமல். கடையில் சூயிங்கம் தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் பிடித்துவிட்டார் என்று தெரிந்தால் கண்டும் காணாமல் இருங்கள், பேட்ச் தொடரட்டும். புத்தாண்டு வரை காத்திருக்கவும் வேண்டாம், கடையில் வேலை குறைவான வாரம் எதுவோ அதுவே நல்ல நாள்.

அப்புறம் டாக்டரிடம் நுரையீரல் ஸ்கேன் பற்றியும் கேளுங்கள். 50 முதல் 80 வயதுக்குள், நாளைக்கு ஒரு பாக்கெட் (20 சிகரெட்) வீதம் 20 வருஷத்துக்குச் சமமாகப் புகைத்தவர்களுக்கு ஆண்டுதோறும் குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் எடுக்க அமெரிக்காவில் பரிந்துரை உண்டு. நாளைக்கு 15 வீதம் 40 வருஷம் என்றால் மாமனாரின் கணக்கு 30 வருஷத்துக்குச் சமம். இப்போதே சிகரெட்டை விட்டாலும் அடுத்த 15 வருஷத்துக்கு, 80 வயதுக்குள், அந்தப் பரிந்துரை அவருக்குப் பொருந்தும்.