மூன்று நிமிடம் கழித்து வரும் குரல்

அன்புள்ள ஐயா,

பிரிட்டனின் தி க்யூர் ராக் இசைக்குழுவின் ‘சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்’ தொகுப்பைப் பற்றி நீங்கள் புகழ்ந்து எழுதியிருந்ததை நம்பிக் கேட்டேன். முதல் பாட்டில் குரல் வருவதற்குள், நின்றுவிட்டதோ என்று இரண்டு முறை போனை எடுத்துப் பார்த்தேன். எட்டுப் பாட்டும் ஒரே அழுகை. ஒலியோ கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு கேட்பதுபோல் இருக்கிறது. மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடிப் படித்தால், பாதிப் பேர் 1989க்குப் பிறகு இவர்கள் செய்ததில் இதுதான் சிறந்தது என்கிறார்கள். மீதிப் பேர் தூங்கிவிட்டதாகச் சொல்கிறார்கள். புதுத் தொகுப்புக்காக 16 வருடம் காத்திருந்த ரசிகர்கள் தங்களைத் தாங்களே சமாதானம் செய்துகொள்கிறார்களோ? இதை ஆலாபனையாக எடுத்துக்கொள் என்றார் நண்பர் ஒருவர். அதுவும் எனக்குச் சரிப்படவில்லை. துள்ளலான ‘ஃப்ரைடே ஐயம் இன் லவ்’ பாடியவர்கள்தானா இவர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதலில் உங்கள் நண்பரின் ஆலாபனையை ஓரமாக வைத்துவிடுவோம். ஆலாபனையில் ராகம் கொஞ்சம் கொஞ்சமாக முகம் காட்டும். முதல் பாட்டான ‘அலோன்’இல் அப்படி எதுவும் விரிவதில்லை. ஒரே சுற்றுதான் திரும்பத் திரும்ப வருகிறது. டிரம் அவசரமே இல்லாமல் கனமாக விழுகிறது, கீபோர்டு அதன் மேல் படர்கிறது, கிட்டார் எங்கோ இழுபடுகிறது. ஏறக்குறைய மூன்று நிமிடம் இருபது விநாடி போன பிறகுதான் குழுவின் பாடகர் ராபர்ட் ஸ்மித் வாயைத் திறக்கிறார். மொத்தப் பாட்டே ஏழு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. சாவு வீட்டுக்கு வெளியூரிலிருந்து வந்து சேரும் உறவினரைப் பார்த்திருப்பீர்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, யாரையும் எதுவும் கேட்காமல் சற்று நேரம் நிற்பார். நடக்க வேண்டியதெல்லாம் அவர் வருவதற்குள் நடந்து முடிந்திருக்கும். எல்லாம் முடிந்துபோனதைப் பற்றிய பாட்டில் குரல் தாமதமாக வருவது எனக்கு உறுத்தவில்லை. முன்னதாக வந்திருந்தால்தான் உறுத்தியிருக்கும்.

ரசிகர்கள் சமாதானம் செய்துகொள்கிறார்கள் என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். நெடுநாள் காத்திருந்தவன்தான் அதிகம் குறை சொல்வான், கல்யாணப் பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவனைப் போல. நீங்கள் படித்த கருத்துகள் இரண்டாகப் பிளந்து கிடப்பதற்கு வேறொரு காரணம் உண்டு. 2022 அக்டோபர் 6 அன்று லாட்வியாவின் ரீகா நகரில் இக்குழுவின் சுற்றுப்பயணம் தொடங்கியது. தொகுப்பு வெளிவருவதற்கு முன்பே, அந்தப் பயணத்தின் மேடைகளில் இதிலுள்ள எட்டில் ஐந்து பாட்டுகளை வாசித்துவிட்டார்கள். ரசிகர்கள் போனில் பதிவு செய்து சுற்றுக்கு விட்டார்கள். ஆக, 2024 நவம்பர் 1 அன்று தொகுப்பு வந்தபோது தீவிர ரசிகர்களுக்குப் புதிதாக இருந்தவை மூன்றே பாட்டுகள். ‘அலோன்’ அவர்களுக்கு இரண்டு வருடப் பழக்கம். அவர்களுடைய புகார் உங்களுடையதற்கு நேர் எதிரானது: மேடையில் இருந்த விஸ்தாரம் இதில் எங்கே என்பது. உங்களைப் போல அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டவர்களுக்கு நீளம் இடித்தது. இரு தரப்பும் ஒரே பெயரைச் சொல்லி வெவ்வேறு பொருளைப் பற்றிச் சண்டை போடுகின்றன. இப்போதெல்லாம் யாருடைய கருத்தைப் படித்தாலும், இவர் இதை முதலில் எங்கே கேட்டிருப்பார் என்றுதான் யோசிக்கிறேன்.

போலந்தின் கிராக்கோவ் நகரில் முதலில் பாடப்பட்ட ‘ஐ கேன் நெவர் சே குட்பை’ ஓர் உதாரணம். இறந்துபோன அண்ணன் ரிச்சர்டுக்காக ஸ்மித் எழுதியது. பியானோவில் ஒரு சிறிய, எளிய துண்டு, அவ்வளவுதான். அரங்கில் அவர் அதைப் பாடக் கேட்டவர்களிடம் போய் ‘இழுக்கிறது’ என்றால் அடிக்க வருவார்கள். உங்கள்மேலும் தப்பில்லை, அவர்கள்மேலும் தப்பில்லை.

ஆனால் கம்பளி விஷயத்தில் நான் உங்கள் கட்சி. புகழ்ந்து எழுதிய கட்டுரையில் இதை நான் மழுப்பிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். முதல் தடவை பஸ்ஸில் இயர்போனில் கேட்டபோது எனக்கும் மூச்சு முட்டியது. ‘வார்சாங்’ வந்ததும் கிட்டாரும் கீபோர்டும் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், எது எதென்றே பிரியவில்லை. பிறகு வீட்டில் பெரிய ஸ்பீக்கரில் கேட்டேன்; கொஞ்சம் தேவலாம், அவ்வளவுதான். 1989இல் வந்த இவர்களுடைய ‘டிஸின்டக்ரேஷன்’ தொகுப்பின் உறையில் ஒரு குறிப்பு இருக்கும்: இது சத்தமாகக் கேட்பதற்காகவே ஒலிக்கலவை செய்யப்பட்டிருக்கிறது, சத்தத்தைக் கூட்டுங்கள் என்று. அப்போது அது நல்ல யோசனை. கூட்டினால் பாட்டின் உள்ளே இருந்த இடமும் கூடியது. இந்தத் தொகுப்பில் எல்லாமே ஏற்கெனவே உச்சத்தில் அழுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. கூட்டினால் சத்தம்தான் கூடுகிறது. வெளியான அன்றே லண்டன் ட்ராக்ஸி அரங்கில் மூன்று மணி நேரம் 31 பாட்டுகள் வாசித்தார்கள், புதிய தொகுப்பு முழுவதையும் சேர்த்து. அந்தப் பதிவைக் கேளுங்கள். சைமன் காலப்பின் பேஸ் கிட்டார் என்ன செய்கிறது என்று அங்கேதான் எனக்குப் பிடிபட்டது.

‘ஃப்ரைடே’ பாட்டு இருந்த ‘விஷ்’ தொகுப்பு 1992இல் பிரிட்டன் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதற்குப் பிறகு இக்குழு முதலிடத்துக்கு வந்தது 32 வருடம் கழித்து, நீங்கள் அழுகை என்று சொல்லும் இந்தத் தொகுப்பால்தான். முதலிடம் தரத்துக்குச் சான்று என்று சொல்லவில்லை. துள்ளலுக்கு மட்டும்தான் ஆள் சேரும் என்பதில்லை, அவ்வளவே. 2008இல் வந்த முந்தைய தொகுப்பில் 13 பாட்டுகள், துள்ளலும் துக்கமும் கலந்து. அதிலிருந்து ஒன்றையாவது முணுமுணுக்கச் சொன்னால் நான் விழிப்பேன். இந்த முறை எல்லாப் பாட்டுகளையும் ஸ்மித் ஒருவரே எழுதினார். அப்படிச் செய்தது 1985க்குப் பிறகு இப்போதுதான். வெளிவந்தபோது அவருக்கு வயது 65. குரல் மட்டும் எப்படியோ அப்படியே இருக்கிறது. ஒரே ஆள், ஒரே மனநிலை, ஐம்பது நிமிடத்துக்கும் குறைவு. அதைத் தாங்க முடியாதா? ‘ட்ரோன்:நோட்ரோன்’ மட்டும் எனக்கு நடுவில் துருத்திக்கொண்டு நிற்கிறது. அதை நீங்கள் தாண்டிப் போனால் நான் கோபிக்க மாட்டேன்.

கடைசிப் பாட்டு ‘எண்ட்சாங்’ வரைக்கும் நீங்கள் போகவில்லை என்று நினைக்கிறேன். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மனிதன் நிலவில் இறங்கி 50 வருடம் ஆன சமயத்தில், தோட்டத்தில் நின்று நிலவைப் பார்த்தபடி, 1969இல் சிறுவனாக அப்பாவோடு அதே நிலவைப் பார்த்ததை ஸ்மித் நினைத்துக்கொண்டார். அதிலிருந்து வந்த பாட்டு. பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும். குரல் வர ஆறு நிமிடத்துக்கும் மேலாகும். நின்றுவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்க்காதீர்கள். ஓடிக்கொண்டுதான் இருக்கும்.