கடிகாரம் பூஜ்யம், ஆட்டம் முடியவில்லை: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் கேள்வி பதில்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் கடைசி நொடிக் குழப்பங்களைப் பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி ஒரே ஆட்டத்தைப் பற்றியது. ஆரம்பிக்கும் முன் ஒரு எச்சரிக்கை: என்எஃப்எல் (தொழில்முறை லீக்) விதியை வைத்துக் கல்லூரி ஆட்டத்தை அளக்காதீர்கள்.

கேள்வி: சார், 2016-ல் ஓக்லஹோமா ஸ்டேட்டை சென்ட்ரல் மிச்சிகன் ஜெயித்தது செல்லுமா, செல்லாதா?

பதில்: செல்லும். ஆனால் ஜெயித்திருக்கக் கூடாது. இரண்டும் வேறு வேறு.

செப்டம்பர் 10, ஓக்லஹோமா ஸ்டேட்டின் சொந்த ஊரான ஸ்டில்வாட்டர். ஓக்லஹோமா ஸ்டேட் 27-24 முன்னிலை, நாலாவது டவுன் (பந்தை முன்னேற்ற ஒரு அணிக்கு நாலு வாய்ப்பு, ஒவ்வொன்றும் ஒரு டவுன்), மிச்சம் 4 நொடி. அவர்களின் குவார்ட்டர்பேக் (பந்தை வீசுபவர்) மேசன் ருடால்ஃப் ஆளில்லாத பக்கமாகப் பந்தை உயர வீசி நேரத்தைத் தீர்த்துவிட்டார். பிடிக்க ஆளே இல்லாத இடத்தில் வீசினால் அது இன்டென்ஷனல் கிரவுண்டிங் என்ற தவறு. தவறைக் காட்டும் நடுவர் கொடி விழுந்தது. கோளாறு அதற்கு அப்புறம்தான்.

தவறு நடந்த பிளேயோடு நேரம் முடிந்தால், தவறு செய்தவர்களுக்கு அது லாபமாகிவிடக் கூடாது என்று கடிகாரம் ஓடாத ஒரு டவுனைக் கூடுதலாக ஆட விடுவது வழக்கம். ஆனால் தண்டனையிலேயே டவுன் இழப்பு இருந்தால் அந்தக் கூடுதல் டவுன் கிடையாது. கிரவுண்டிங்குக்கு டவுன் இழப்பு உண்டு. ஆகவே ஆட்டம் அங்கேயே முடிந்தது. நடுவர்கள் இந்த விதிவிலக்கை மறந்து பந்தை சென்ட்ரல் மிச்சிகனிடம் கொடுத்தார்கள். கூப்பர் ரஷ் வீச, ஜெஸ்ஸி க்ரோல் பிடித்து, தடுக்கப்படும்போதே கோரி வில்லிஸிடம் பந்தைத் தள்ள, அவர் ஓடிப்போய் எண்ட்சோனில் (எதிரணிப் பக்கத்தின் கடைசிப் பகுதி) சேர்த்து டச்டவுன் ஆக்கினார். 51 யார்டு. 30-27.

பிறகு ஏன் மாற்றவில்லை? ரெஃப்ரி ஆட்டம் முடிந்தது என்று அறிவித்துவிட்டால் ஸ்கோர் இறுதியானது. இதுவும் விதிதான்.

கேள்வி: அண்ணே, நடுவர்கள் விலை போயிருப்பார்களோ?

பதில்: களத்தில் இருந்தவர்கள் வெளியூர் அணியின் மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸைச் (கல்லூரி அணிகளின் கூட்டமைப்பு) சேர்ந்தவர்கள். ரீப்ளே அறையில் இருந்தவர்கள் உள்ளூர் அணியின் கான்ஃபரன்ஸான பிக் 12 ஆட்கள். இரண்டு தரப்பும் கோட்டை விட்டது, இரண்டு தரப்புக்கும் இரண்டு ஆட்டத் தடை. சதி செய்வதற்கு இவ்வளவு ஒற்றுமை வேண்டுமே.

கேள்வி: 2015 டியூக்-மியாமி ஆட்டத்தில் முழங்கால் தரையில் பட்டதாகச் சொல்கிறார்கள். யாரும் தொடாமல் பட்டால் எழுந்து ஓடலாமே?

பதில்: அது என்எஃப்எல்! மேலே என்ன சொன்னேன்? கல்லூரியில் பந்து வைத்திருப்பவரின் முழங்கால் பட்டாலே பிளே முடிந்தது. மியாமி எட்டு லேட்டரல் (பந்தைப் பக்கவாட்டிலோ பின்னாலோ சக வீரரிடம் தள்ளுவது) போட்டு, டியூக் உதைத்த கிக்கைத் திருப்பி 30-27 என்று ஜெயித்தது. நடுவில் ஒருவர் பந்தை விடுவதற்கு முன்பே முழங்கால் பட்டுவிட்டது என்று இரு அணிகளின் கான்ஃபரன்ஸான ஏசிசியே அடுத்த நாள் ஒப்புக்கொண்டது. ரீப்ளேயை நிமிடக் கணக்கில் பார்த்தும் தப்பவிட்டார்கள். அங்கும் இரண்டு ஆட்டத் தடை.

கேள்வி: சென்ட்ரல் மிச்சிகன் வெற்றியை ரத்து செய்ய முடியாதா?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: விதியில் வழி இல்லை, சரி. மனசாட்சி என்று ஒன்று உண்டே? 1940-ல் கார்னெல் திருப்பிக் கொடுக்கவில்லையா?

பதில்: கொடுத்தது. டார்ட்மத்துக்கு எதிராக ரெஃப்ரி டவுனைத் தப்பாக எண்ணியதால் ஐந்தாவது டவுனில் டச்டவுன் அடித்து 7-3 என்று ஜெயித்தது. பிறகு ஃபிலிமைப் போட்டுப் பார்த்துவிட்டுத் தந்தி அனுப்பி விட்டுக்கொடுத்தது. பதிவேட்டில் இன்று டார்ட்மத் 3-0. ஆனால் 1990-ல் அதே மாதிரி ஐந்தாவது டவுனில் மிசூரியை 33-31 என்று ஜெயித்த கொலராடோ திருப்பிக் கொடுக்கவில்லை. அந்த ஆண்டு தேசிய சாம்பியன் பட்டத்தையும் ஜார்ஜியா டெக்கோடு பகிர்ந்துகொண்டது.

கேள்வி: அப்படியானால் கொலராடோ செய்ததுதான் சரி என்கிறீர்களா?

பதில்: அப்படிச் சொல்லவில்லை. எனக்கு கார்னெல்தான் பிடிக்கும். ஆனால் அதை மற்றவர்களிடம் கேட்டு வாங்க முடியாது. நடுவர் "ஆடு" என்றால் ஆடுவதுதான் பையன்களின் வேலை. தண்டிக்க வேண்டியது விதி தெரியாமல் களத்தில் நின்றவர்களை. கண்ணில் படாமல் போவது மனித இயல்பு. டவுன் எண்ணுவதும் விதிவிலக்கை நினைவில் வைப்பதும் கண் சம்பந்தப்பட்டவை அல்ல, சம்பளம் வாங்குவதே அதற்குத்தான்.

கேள்வி: இருந்தாலும் சார்...

பதில்: போதும் தம்பி, இதோடு விட்டுவிடுவோம்.

கேள்வி: 1982 கலிஃபோர்னியா-ஸ்டான்ஃபோர்டு ஆட்டத்தில் பேண்டு வாத்தியக்காரர்கள் களத்துக்குள் வந்ததும் பிளேயை நிறுத்தியிருக்க வேண்டாமா?

பதில்: வந்தது ஸ்டான்ஃபோர்டு பேண்டு, தவறு ஸ்டான்ஃபோர்டுடையது. அதைக் காட்டி கலிஃபோர்னியாவின் டச்டவுனை எப்படிப் பறிப்பது? ஸ்டான்ஃபோர்டு உதைத்த கிக்கைத் திருப்பி ஐந்து லேட்டரல், 25-20, கடைசியில் கலிஃபோர்னியாவின் கெவின் மோன் ஒரு டிராம்போன்காரர் மேலேயே போய் விழுந்தார். முழங்கால் பட்டதா, ஒரு லேட்டரல் முன்னோக்கிப் போனதா என்ற சண்டை தனி. அந்தக் காலத்தில் ரீப்ளே கிடையாது. இன்னொன்றை யாரும் கவனிப்பதில்லை: அதற்கு முந்தைய ஃபீல்டு கோலை (பந்தைக் கம்பத்துக்கு நடுவே உதைத்து எடுக்கும் புள்ளி) ஸ்டான்ஃபோர்டு அளவு மீறிக் கொண்டாடி 15 யார்டு தண்டனை வாங்கியிருந்தது. அதனால் கிக்கே பின்னால் தள்ளி, 25-ஆம் யார்டு கோட்டிலிருந்து.

கேள்வி: என்எஃப்எல் ஓவர்டைமில் டாஸ் ஜெயித்தால்...

பதில்: இது கல்லூரி ஆட்டத்துக்கான இடம்.

கேள்வி: சார், 2016 சென்ட்ரல் மிச்சிகன் வெற்றி செல்லுமா?

பதில்: செல்லும்.